செல்லுபடியாகாத முகவரி

போன மாதம் எங்களில் மூன்று பேர் ஒரு இணையப் படிவத்தில் எங்கட கட்டுரைகளின் இணைப்புகளைப் போட்டோம். தமிழ்த் தலைப்பே முகவரியாக அமைந்த கட்டுரைகள். மூன்று பேருக்கும் சிவப்பில் ஒரே பதில்: முகவரி செல்லுபடியாகாது. அதே முகவரியை உலாவியில் போட்டால் கட்டுரை வடிவாகத் திறக்குது. யாருடைய படிவம் எண்டதை விடுவம். அதன் முகவரியின் வாலில் பிஎச்பி எண்டு இருந்தது.

கலைப்பீடக்காரருக்கு இதெல்லாம் என்னத்துக்கு எண்டு கேட்பீர்கள். கணினி படிக்கிற தோழர் ஒருவரைப் பிடித்து விசாரித்தோம். பிஎச்பியில் முகவரி சரியோ எண்டு பார்க்க ‘ஃபில்டர்_வார்’ எண்ட கட்டளையைத்தான் கனபேர் போடுகினம். அவர் அதைத் தன்ர மடிக்கணினியில் ஓடவிட்டுக் காட்டினார். ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் தள்ளிவிடும். ஆஸ்கி முகவரிகளை மட்டுமே ஏற்கும் எண்டு பிஎச்பியின் கையேட்டிலேயே எழுதியிருக்கு. அதை வாசிக்காமல் பாவிக்கிறவர்களோடுதான் எங்கட சண்டை.

பாதுகாப்புக்காகச் செய்யிறது எண்டு சொல்லுவினம். பொய். ‘ஜாவாஸ்கிரிப்ட்’ எண்டு தொடங்கி, இரண்டு சரிவுக்கோடு போட்டு, பின்னால் நிரல் ஒளித்த முகவரி ஒன்றை அதே சோதனைக்குக் குடுத்தோம். சரியாம்! கத்தியோடு வந்தவனை உள்ளே விட்டு, வேட்டியோடு வந்தவனை மறிக்கிற காவல்காரன்.

இன்னொரு கூட்டம், எங்கட சீனியர்மாரும் அதில் அடக்கம், “ஆங்கிலத்தில போடுங்கோவன், என்ன குறைஞ்சு போகுது?” எண்டு கேட்கினம். ‘.இலங்கை’ எண்ட தமிழ் முடிவு 2010இலிருந்து இணையத்தில் இருக்கு. சிங்களத்துக்கும் அப்படியே ஒன்று. இரண்டையும் இந்தச் சோதனை தள்ளும். நாட்டின் பெயரையே ஏற்காத படிவத்தை நாட்டுக்குள்ளேயே செய்து வைத்திருக்கிறம்.

சதவீதக் குறிகளாக மாற்றி அனுப்பினால் போகும்தான். ஆனால் தமிழின் ஒவ்வொரு குறியீடும் அப்போது 9 எழுத்தாகும். ‘கவிதை’ எண்ட ஒரு சொல்லே 45. படிவத்தின் பெட்டி 255ஓடு நின்றால் மூன்று நான்கு சொல்லில் தலைப்பு முடிந்தது. பிறகு நீளம் கூடிப்போச்சு எண்டு வேறொரு சிவப்பு. எழுத்துகளை மட்டும் விட்டு மற்றதை வெட்டு எண்டு சொல்லும் தளங்களில் இன்னும் மோசம். உயிர்க்குறியும் புள்ளியும் எழுத்தில்லையாம். ‘புத்தகம்’ போய் ‘பததகம’ வருது. ‘பததகம’ எண்டு ஒரு நூலை எந்த நூலகத்தில் தேடுவது?

திருத்துவது பெரிய வேலையும் இல்லை. ‘பார்ஸ்_யூஆர்எல்’ முகவரியைத் துண்டாக்க மட்டும்தான். அது சரிபிழை பார்ப்பதில்லை. துண்டாக்கின பிறகு, தொடக்கம் எச்டிடிபியோ எச்டிடிபிஎஸ்ஸோ எண்டு நாங்களே பார்க்கவேணும். தளப்பெயரை ‘ஐடிஎன்_டூ_ஆஸ்கி’ ஊடாக மாற்றி, பாதையைக் குறியாக்கிச் சேமிக்கவேணும். 2025 நவம்பரில் வந்த பிஎச்பி 8.5இல், உலாவிகள் செய்கிற மாதிரியே தமிழ் முகவரியை வாசிக்கிற புதிய வகுப்பும் சேர்ந்திருக்கு.

இவ்வளவையும் எழுதி படிவக்காரருக்கு அனுப்பினோம். ஆங்கிலத்தில் சுருக்கிய இணைப்பை அனுப்பட்டாம். அதே தமிழ் இணைப்பைத் திரும்ப அனுப்பியிருக்கிறம், தோழர் எழுதித் தந்த நாலு வரி நிரலோடு.