டி.சி.யில் எழுதாத காரணங்கள்

படிப்பைப் பாதியில் விடும் மாணவர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதும் கடிதத்தில் பெரும்பாலும் இருப்பது, ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்ற ஒரே வரி. யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. துறைத் தலைவர் கையெழுத்து, நூலக நிலுவை இல்லை என்ற முத்திரை. அத்தோடு கோப்பு மூடப்படுகிறது.

டெல்லியிலும் இதே வழக்கம்தான். மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.கள், ஐ.ஐ.எம்.களில் ஐந்தாண்டுகளில் 13,626 எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. மாணவர்கள் இடையில் விலகியதாக 2023 டிசம்பரில் மத்திய அரசு மக்களவையில் தெரிவித்தது. ஐ.ஐ.டி.களில் மட்டும் 3,542 பேர். ஏன் விலகினார்கள்? விரும்பிய வேறு இடம் கிடைத்தது, இல்லையென்றால் சொந்தக் காரணம் என்றது அரசின் பதில். நிறுவனங்களுக்கு இதைவிட வசதியான விளக்கம் கிடைக்காது.

அந்தச் ‘சொந்தக் காரணம்’ எப்படி உருவாகிறது? திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கும் அப்பா படுத்துவிடுகிறார். இரண்டாமாண்டு படிக்கும் மகன் நள்ளிரவு வரை உணவு டெலிவரிக்குப் போகிறான். காலை முதல் வகுப்புக்கு வர முடிவதில்லை. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது. தேர்வெழுத விடுவதில்லை, அரியர் ஏறுகிறது, ஒருநாள் அவன் வருவதே நின்றுபோகிறது. இதில் அப்பாவின் நோயும் மகனின் இரவு வேலையும்தான் வீட்டுக்குரியவை. மற்றவையெல்லாம் கல்லூரிக்குள் நடந்தவை. மாணவியாக இருந்தால் கல்யாணம். நல்ல வரன் ஆறாவது செமஸ்டர் வரை காத்திருக்காதாம்!

புதுமைப்பெண் (2022), தமிழ்ப்புதல்வன் (2024) திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் உதவும். நல்ல திட்டங்கள்தான். சம்பாதிப்பவர் விழுந்துவிட்ட வீட்டை அந்தத் தொகை தாங்காது.

அண்ணா பல்கலைக்கழக விதிகளில் படிப்பைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத் திரும்பிவர வழி உண்டு. இப்படியொரு ஏற்பாட்டை எல்லாக் கல்லூரிகளும் சேர்க்கை நாளன்றே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம் வராத மாணவரின் வீட்டுக்குத் துறையிலிருந்து ஒருவர் பேச வேண்டும். விலகுபவரிடம் உண்மையான காரணத்தைக் கேட்டு, பெயரின்றித் தொகுத்து, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

விலகுபவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்துவிட்டது. இருந்தும், மீதி ஆண்டுகளின் கட்டணத்தைக் கட்டினால்தான் தருவோம் என்ற தகராறுகள் உயர் நீதிமன்றம் வரை போகின்றன. அப்படி மறுக்கும் கல்லூரிகளின் பட்டியலை உயர்கல்வித் துறை கலந்தாய்வுக்கு முன்பே வெளியிடட்டும்.