ராஜாவுக்கே 30 நாள் கெடு! நம்ம புதுச்சேரிக்கு?

எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி, சோரியாங்குப்பம்

 

முதலில் ஒரு கேள்வி. ராஜா இருக்கிற நாட்டில் மக்களாட்சி இருக்க முடியுமா?

சமூக அறிவியல் வகுப்பில் இந்தக் கேள்வி வந்தபோது பாதிப் பேர் "முடியவே முடியாது" என்றார்கள். ராஜா என்றால் சிம்மாசனம், வாள், "யாரங்கே!" என்ற அதட்டல். சினிமாவில் அப்படித்தானே பார்க்கிறோம்! ஆனால் இங்கிலாந்தில் ராஜா இருக்கிறார். ஜப்பானில் சக்கரவர்த்தி இருக்கிறார். நம்ம தமிழர்கள் லட்சக்கணக்கில் வாழும் மலேசியாவிலும் மாமன்னர் இருக்கிறார். அங்கெல்லாம் மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அது எப்படி? நாடாளுமன்ற ஆட்சி முறையில் ரெண்டு தலைவர்கள் உண்டு. ஒருவர் கையெழுத்துப் போடுகிறவர். இன்னொருவர் முடிவு எடுக்கிறவர். கையெழுத்துப் போடுகிறவரைப் பெயரளவுத் தலைவர் என்று புத்தகம் சொல்கிறது. முடிவு எடுக்கிறவர் மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அந்தச் சபையில் பெரும்பான்மை போய்விட்டால் அவருடைய பதவியும் போய்விடும். இங்கிலாந்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கடைசியாகச் சொன்னவர் ஆன் மகாராணி. அது 1708-ஆம் வருஷம்! அதற்குப் பிறகு முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு ராஜாவும் ராணியும் அப்படிச் சொல்லவில்லை.

மலேசியா கதை இன்னும் சுவாரசியமானது. அங்கே மொத்தம் 13 மாநிலங்கள். அதில் 9 மாநிலங்களில் பரம்பரை மன்னர்கள் உண்டு. நம்ம பாகூர் பக்கம் ஏரித் தண்ணியை முறை வைத்துப் பாய்ச்சுகிற மாதிரி, இந்த 9 பேரும் முறை வைத்து, தங்களுக்குள் ஒருவரை 5 வருஷத்துக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆகிய 4 மாநிலங்களில் மன்னர் கிடையாது, ஆளுநர்தான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டசபை உண்டு. நிலம், காடு போன்றவை மாநிலத்தின் கையில். கல்வி, போலீஸ் போன்றவை மத்திய அரசின் கையில். யார் கையில் எது என்று அரசியலமைப்புச் சட்டத்திலேயே பட்டியல் போட்டு எழுதிவிட்டார்கள். இதுதான் கூட்டாட்சி.

மாமன்னர் வெறும் பொம்மை இல்லை. 2022 நவம்பரில் தேர்தல் முடிந்தபோது எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை வரவில்லை. அப்போது மாமன்னர்தான் எல்லாக் கட்சிகளிடமும் பேசி அன்வர் இப்ராகிமைப் பிரதமராக நியமித்தார். ஆனால் நாடாளுமன்றம் அனுப்பும் மசோதாவை அவர் காலவரையில்லாமல் வைத்திருக்க முடியாது. 30 நாள்தான் கெடு. 30 நாளில் கையெழுத்துப் போடாவிட்டால் போட்டதாகவே எடுத்துக்கொண்டு சட்டம் ஆகிவிடும். 1994-இல் அரசியலமைப்புச் சட்டத்தைத் திருத்தி இப்படி எழுதினார்கள். ராஜாவுக்கே கெடு! படித்ததும் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

சரி, இதையெல்லாம் தென்பெண்ணை ஆத்தங்கரையில் இருக்கிற நமக்கு எதுக்குச் சொல்றே என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

மலேசியா என்ற கூட்டாட்சி உருவானது 1963 செப்டம்பர் 16. நம்ம புதுச்சேரிக்குச் சட்டசபை கிடைத்ததும் அதே வருஷம்தான். 1963 ஜூலை 1. அங்கே ராஜா இருக்கிறார். இங்கே ராஜா இல்லை, குடியரசு. அப்படியென்றால் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இங்கேதானே அதிகாரம் கூடுதலாக இருக்கணும்? பார்ப்போம்.

நமக்கு முதலமைச்சர் உண்டு, மந்திரிகள் உண்டு, 30 தொகுதி உண்டு. ஆனால் நாம் மாநிலம் இல்லை, யூனியன் பிரதேசம். மேலே துணைநிலை ஆளுநர். அவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, டெல்லி நியமிக்கிறது. 1963-ஆம் வருஷத்துச் சட்டப்படி, மந்திரிசபையும் துணைநிலை ஆளுநரும் ஒத்துப்போகாவிட்டால் விஷயம் குடியரசுத் தலைவருக்குப் போகும். அங்கிருந்து வருவதுதான் கடைசி முடிவு. அதாவது, மத்திய அரசின் முடிவு.

இது காகிதத்தில் இருக்கிற வெறும் விதி இல்லை. நம்ம அடுப்பு வரைக்கும் வந்த விதி. அப்போது முதலமைச்சராக இருந்த நாராயணசாமி ரேஷனில் இலவச அரிசி கொடுக்கணும் என்றார். துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி, அரிசிக்குப் பதில் பணத்தை வங்கிக் கணக்கில் போடணும் என்றார். 2019 பிப்ரவரியில் முதலமைச்சர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ராஜ் நிவாஸ் எதிரே தெருவில் உட்கார்ந்து தர்ணா செய்தார். ராத்திரியும் அங்கேயே படுத்தார். கடைசியில் மத்திய அரசு பணம்தான் என்றது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2020 பிப்ரவரியில் முதலமைச்சர் தரப்பு தோற்றது.

அரிசி நல்லதா, பணம் நல்லதா? எங்க வீட்டிலேயே ரெண்டு கட்சி. "காசு வந்தா வேற செலவுக்குப் போயிடும், அரிசின்னா பானைக்குத்தான் போகும்" என்பது எங்க ஆயா கட்சி. "பணமா வந்தா நாம விரும்புற அரிசியை வாங்கிக்கலாம்ல?" என்பது அம்மா கட்சி. ரெண்டிலும் நியாயம் இருக்கு. நான் கேட்பது அதை இல்லை. இந்த முடிவை யார் எடுக்கணும்? ஆயாவும் அம்மாவும் ஓட்டுப் போட்டது யாருக்கோ அவர்கள் எடுக்கணும். அது தப்பான முடிவு என்றால் அடுத்த தேர்தலில் ஆயா பார்த்துக்கொள்ளும்! துணைநிலை ஆளுநர் முடிவு எடுத்தால், அது சரியோ தப்போ, ஆயா அவரை எந்த ஓட்டுச் சாவடியில் போய்க் கேட்கும்?

நீதிமன்றங்களுக்கே இது சிக்கலாக இருந்தது. அன்றாட நிர்வாகத்தில் துணைநிலை ஆளுநர் தலையிடக் கூடாது என்று 2019 ஏப்ரல் 30-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி தீர்ப்பு சொன்னார். 2020 மார்ச்சில் அதே நீதிமன்றத்தின் ரெண்டு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார்கள்.

அடுத்தது நியமன உறுப்பினர்கள். சட்டசபைக்கு 3 பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம். 2017-இல் அப்படி 3 பேர் நியமிக்கப்பட்டார்கள். அது செல்லும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரி 22 அன்று சட்டசபையில் நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆளும் பக்கத்தில் பல எம்.எல்.ஏ.க்கள் அதற்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டார்கள். மீதி இருந்தது சபாநாயகரையும் சேர்த்து 12 பேர். எதிர்ப் பக்கம் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் 11 பேர், நியமிக்கப்பட்டவர்கள் 3 பேர். ஆக 14. ஆட்சி கவிழ்ந்தது. நான் எந்தக் கட்சிக்காகவும் இதை எழுதவில்லை. கணக்குப் பாடம் மாதிரி பாருங்கள். 12-க்கு 11 என்று இருந்ததை 12-க்கு 14 என்று மாற்றியது எந்த ஊர் ஓட்டு?

மலேசியாவிலும் நியமன உறுப்பினர்கள் உண்டு. ஆனால் அவர்கள் மேல்சபையில் இருக்கிறார்கள். பிரதமர் இருக்கணுமா போகணுமா என்று தீர்மானிக்கிற கீழ்ச்சபையில் 222 பேர். 222 பேரும் மக்கள் ஓட்டில் வந்தவர்கள்.

மலேசியாவில் எல்லாம் பாலும் தேனும் என்று நான் சொல்லவில்லை. தலைநகர் கோலாலம்பூர் மத்திய அரசின் பிரதேசம், அதற்குச் சட்டசபையே கிடையாது. அந்த விஷயத்தில் நாம் அவர்களுக்கு மேல். ஆனாலும் நல்லது எங்கே இருந்தாலும் கற்றுக்கொள்ளலாமே!

சிலர் சொல்வார்கள்: "புதுச்சேரி சின்ன ஊர். மத்திய அரசு பணம் தருகிறது. இங்கே தப்பு நடந்தால் தட்டிக் கேட்க ஒருத்தர் வேணாமா?" இது நல்ல கேள்வி. தட்டிக் கேட்க ஆள் வேணும், ஒத்துக்கொள்கிறேன். வகுப்புத் தலைவியை நாம் தேர்ந்தெடுத்தாலும் டீச்சர் கவனிக்கிறார்களே, அந்த மாதிரி. ஆனால் டீச்சர் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, திருத்தாமலும் திருப்பித் தராமலும் இருந்தால் நாம் எப்படிப் பரீட்சை எழுதுவது? தட்டிக் கேட்கிறவர் காரணத்தை எழுத்தில் சொல்லணும். கெடுவுக்குள் சொல்லணும். அதுதான் நியாயம்.

கெடுவை நீதிமன்றமே வைக்கட்டுமே என்றால், அதுவும் நடந்து பார்த்தாகிவிட்டது. பக்கத்துத் தமிழ்நாட்டு ஆளுநர் வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் மசோதாக்களுக்கு மாதக் கணக்கில் கெடு வைத்தது. அதே வருஷம் நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசியலமைப்பில் இல்லாத கெடுவை நீதிமன்றம் வைக்க முடியாது என்று கருத்துச் சொன்னது. அப்படியென்றால் மலேசியாவில் செய்த மாதிரி சட்டத்திலேயே எழுதணும் என்பதுதானே அர்த்தம்?

எனவே என் கருத்து இதுதான். தனி மாநிலம் வேணும் என்று நம்ம சட்டசபை பல தடவை தீர்மானம் போட்டிருக்கிறது. அது கிடைக்கிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லை. 1963-ஆம் வருஷத்துச் சட்டத்தில் நாடாளுமன்றம் ரெண்டு வரி சேர்த்தால் போதும். ஒன்று, மந்திரிசபை அனுப்பும் கோப்புக்கு 30 நாளில் பதில், இல்லாவிட்டால் ஒப்புதல் என்று அர்த்தம். ரெண்டு, ஆட்சி இருக்கணுமா போகணுமா என்ற வாக்கெடுப்பில் நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டு இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இது டெல்லிக்கு இல்லை, நம்ம புதுச்சேரி தலைவர்களுக்கு. அவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. மேலே இருந்து அதிகாரம் கேட்கிறவர்கள் கீழே கொடுத்தார்களா? உள்ளாட்சித் தேர்தல் 1968-க்கு அப்புறம் 2006-இல்தான் நடந்தது. அதில் ஜெயித்தவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேதி அறிவித்தும் நின்றுபோனது. எனக்கு வயது பதினாலு. நம்ம ஊருக்கு ஒரு பஞ்சாயத்துத் தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்ததை நான் பார்த்ததே இல்லை! ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். அங்கே 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடந்து, கறுத்த மை வைத்த விரலைக் காட்டிக்கொண்டு ஜனங்கள் போனார்கள். ஆறு ஒன்றுதான். இந்தக் கரைக்கு ஒரு நியாயம், அந்தக் கரைக்கு ஒரு நியாயமா?

1954 அக்டோபர் 18 அன்று நம்ம வில்லியனூர் பக்கத்துக் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். இந்தியாவோடு சேரலாம் என்று 170 பேரும், வேண்டாம் என்று 8 பேரும் ஓட்டுப் போட்டார்கள். அதில் பெரும்பாலானவர்கள் யார் தெரியுமா? கொம்யூன் சபைகளுக்கு மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய உறுப்பினர்கள். நம்ம தலையெழுத்தையே தீர்மானித்த பதவி அது. அந்த நாற்காலிகளைக் காலியாக வைத்துக்கொண்டு, டெல்லியிடம் எங்களுக்கு உரிமை கொடு என்று கேட்டால் குரல் எப்படிப் பலமாக இருக்கும்?

தலையில் மகுடம் இருக்கிறதா இல்லையா என்பது பெரிய விஷயம் இல்லை. கடைசிச் சொல் யாருடையது என்பதுதான் விஷயம். இன்னும் நாலு வருஷத்தில் நானும் ஓட்டுப் போடுவேன். எனக்கு முன்னாடி பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு அக்காக்களும் அண்ணன்களும் போடுவார்கள். ஓட்டு கேட்டு வருகிறவரிடம் "பஞ்சாயத்துத் தேர்தல் எப்போ?" என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

என் கருத்தை மறுத்து எழுத விரும்புபவர்கள் தாராளமாக எழுதலாம். நியமன உறுப்பினர்கள் வேணும், துணைநிலை ஆளுநருக்கு அதிகாரம் வேணும் என்று நினைப்பவர்களும் காரணத்தோடு எழுதித் தாருங்கள். அடுத்த இதழில் இதே பலகையில், என் கட்டுரைக்குப் பக்கத்திலேயே ஒட்டுவோம்.

சிந்திப்போம்! கேள்வி கேட்போம்!