நிறுவியவர் வெளிநாடு போனபின்

எங்கள் பக்கத்தில் ஒரு பாடசாலைக்கோ நூலகத்துக்கோ மென்பொருள் செய்து கொடுப்பவர் பெரும்பாலும் பல்கலைக்கழகம் முடித்த கையோடு நிற்கும் பிள்ளை. வேலை ஒழுங்காகத்தான் இருக்கும். கொஞ்சக் காலத்தில் அவர் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விடுவார். மிஞ்சுவது ஒரு ஸிப் கோப்பு, ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அரைப்பக்கக் குறிப்பு. எந்தப் பிஎச்பி வேண்டும், எந்தத் தரவுத்தளப் பதிப்போடு ஒத்துப்போகும் என்பதெல்லாம் அவரோடு விமானமேறிவிடும். யாழ்ப்பாணத்து அரியாலையில் இருந்துகொண்டு சேர்வர் பராமரிக்கும் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த வகை.

அவர் போவதைக் குறைசொல்ல நான் யார்? அவருக்குத் தெரிந்ததை மென்பொருளுக்குள்ளேயே எழுதிவைக்க வழியிருந்தும் நாம் கேட்டு வாங்குவதில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

அந்த வழிக்குப் பெயர் பொதி. லினக்ஸ் வகைகளில், 1993இல் தொடங்கிய டெபியனுக்கு டெப் பொதி. ரெட்ஹற் குடும்பத்துக்கு ஆர்பிஎம். டெப் பொதிக்குள் கொன்ட்ரோல் என்றொரு சிறு கோப்பு. இன்ன பதிப்புக்குக் குறையாத பிஎச்பி வேண்டும், இன்ன பொதியோடு சேர்ந்து இயங்காது என்று அதில் பதிப்பெண்ணோடு எழுதலாம். டெபியன் 11இல் பிஎச்பி 7.4 இருந்தது, 2023இல் வந்த டெபியன் 12இல் 8.2. ஸிப்பாக அவிழ்த்துப்போட்ட பழைய மென்பொருள் இந்தத் தாவலில் விழுந்தால், விழுந்தபின்தான் தெரியும். இந்தச் சார்புகளைச் சரியாக எழுதிய பொதியென்றால், எதையும் தொடுமுன்பே, பொதிகளைத் தருவிக்கும் ஆப்ட் மறித்துச் சொல்லும்.

மின்வெட்டையும் நினையுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். நிறுவல் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றால், எந்த வரியில் நின்றது என்று அதற்கே தெரியாது. மறுபடி ஓடவிட்டால் இருக்கிற தரவுத்தளத்தின்மேல் இன்னொன்றை எழுதினாலும் எழுதிவிடும். டெப் பொதிகளை நிறுவும் டிபிகேஜி அப்படியல்ல. அவிழ்த்தாயிற்று, அமைத்தாயிற்று என்று ஒவ்வொரு பொதியின் நிலையையும் பதிந்துகொண்டே போகும். மின் வந்ததும் அநேகமாக ஒரு கட்டளை போதும், விட்ட இடத்திலிருந்து தொடரும். நீங்கள் கையால் திருத்திய அமைப்புக் கோப்பையும் அது கேளாமல் அழிக்காது.

நூலகர்கள் கோஹாவைப் பார்க்கலாம். நியூசிலாந்தின் சிற்றூர் நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய மென்பொருள் அது. ஏராளமான பேர்ள் கூறுகளில் தங்கியிருப்பதால் கையால் நிறுவுவது பெரும்பாடு. டெப் பொதி வந்தபின் அந்தப் பட்டியலை ஆப்ட் பார்த்துக்கொள்கிறது. பதிப்பு மாறும்போது தரவுத்தள அட்டவணைகளையும் பொதியே மாற்றிவிடுகிறது. மொழியும் தடையில்லை: டெபியன் நிறுவிக்குத் தமிழும் தெரியும். பொதிகள் நிறுவும்போது கேட்கும் கேள்விகளையும் தமிழாக்கி உள்ளே வைக்கலாம். நம்மவர் பொதிகளில் இதை நான் இன்னும் கண்டதில்லை.

மென்பொருளை அதற்கு வேண்டியதெல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாகக் கட்டும் கொன்ரெய்னர் இருக்க இதெல்லாம் எதற்கு என்பார்கள். நானும் பாவிக்கிறேன், இடம் பார்த்து. ஆனால் அது குறியாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல்லையும் தனக்கென ஒன்றாக உள்ளே கட்டிக்கொண்டு வரும். 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, பொதிவழி நிறுவியவர்கள் அந்த ஒன்றைப் புதுப்பித்து, சேவைகளை மீளத் தொடக்கியதும் அதைப் பகிர்ந்த மென்பொருள்கள் எல்லாம் ஓட்டையிலிருந்து தப்பின. கொன்ரெய்னரானால் ஒவ்வொன்றையும் திரும்பக் கட்டவேண்டும். கட்டத் தெரிந்தவர்தான் ஊரில் இல்லையே!

பொதி கட்டுவது இலேசு என்று சொல்லமாட்டேன். நோட்.ஜேஎஸ் மென்பொருள்கள் இழுத்துவரும் குட்டிக் கூறுகளுக்குப் பதிப்பு எழுதியே அலுத்துப்போகும். கட்டியபின்னும் பராமரிக்க ஆள் வேண்டும். ஈழத்து எழுத்துகளைச் சேர்த்துவைக்கும் நம் ‘நூலகம்’ இணையத்தளம் இயங்கும் மீடியாவிக்கியே 2015இல் வந்த டெபியன் 8இல் இடம்பெறவில்லை. 2017இல் டெபியன் 9உடன்தான் திரும்பியது. ஆனாலும் அது திரும்ப முடிந்தது. பொதியின் செய்முறை திறந்து கிடப்பதால், ஒருவர் விட்டதை முகம் தெரியாத இன்னொருவர் எடுத்துத் தொடரலாம்.

ஆகவே, மென்பொருளுக்குக் காசு கொடுக்கும் அதிபர்களும் பழைய மாணவர் சங்கங்களும் நூலகக் குழுக்களும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கவேண்டும்: சார்புகளைப் பதிப்பெண்ணோடு குறித்த டெப் பொதியும், அதைக் கட்டும் மூலக் கோப்புகளும் கையளிக்கப்பட்ட பிறகே கடைசித் தவணைப் பணம்.

(கட்டுரையாளர் அரியாலையைச் சேர்ந்த லினக்ஸ் சேர்வர் நிர்வாகி)