உள்ளியும் ஈரலும்

தென்னாபிரிக்காவின் முன்னாள் சுகாதார அமைச்சர் மன்ரோ ஷபலாலா-ம்சிமாங் 2009 டிசம்பர் 16ஆம் திகதி தனது 69வது வயதில் இறந்துபோனார். அவரைப் பற்றிய பேச்சு இரண்டு வகை. 'அது குடிகாரி, கள்ளி' என்று சிரிப்பது ஒன்று. 'விடுதலைக்காக இத்தனை வருசம் நாட்டைவிட்டு அலைந்தவரை விமர்சிக்கலாமா' என்று கேட்பது மற்றது. இந்த இரண்டாவது குரல் புலம்பெயர்ந்த எமக்கு நன்கு பழக்கமானது. இரண்டுமே உண்மையான குற்றத்தைப் பேசாமல் நழுவுகிற வழிகள் என்பதே எமது வாதம்.

1962இல், ஆபிரிக்க தேசிய காங்கிரஸ் வெளியே அனுப்பிய இளைஞர்களோடு நாட்டைவிட்டு வெளிக்கிட்டவர் அவர். லெனின்கிராட்டில் வைத்தியம் படித்தார். தான்சானியாவில் மகப்பேற்று மருத்துவம், பெல்ஜியத்தில் பொதுச் சுகாதாரம். 1990இல் திரும்பினார். 1994இல் பாராளுமன்றம், 1996இல் பிரதி நீதி அமைச்சர், 1999இல் சுகாதார அமைச்சர். கணவர் மென்டி ம்சிமாங் அதே அமைப்பின் நீண்டகாலத் தோழர், பின்னர் அதன் பொருளாளர். இந்த வரலாற்றை நாம் குறைத்து மதிக்கவில்லை. மதிப்பதனால்தான் கேட்கிறோம்: மகப்பேற்று மருத்துவம் படித்த ஒருவர், பிரசவத்துக்கு வந்த தாய்மாரிடம் போகவேண்டிய மருந்தை ஏன் மறித்தார்?

நெவிரப்பின் ஒரு குளிசை. எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிரசவ வலியின்போது ஒன்று, பிறந்த குழந்தைக்குச் சில துளிகள். குழந்தைக்குத் தொற்றுவது ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்று உகண்டாவில் நடந்த ஆய்வு 1999இலேயே காட்டியது. 2000இல் கம்பனி அதை ஐந்து வருடத்துக்கு இலவசமாகத் தர முன்வந்தது. ஆக, காசில்லை என்ற சாட்டும் இல்லை. அமைச்சோ மாகாணத்துக்கு இரண்டு இடமாகப் பதினெட்டு இடங்களைத் தெரிந்தெடுத்து, மற்ற அரச ஆஸ்பத்திரிகளைப் பொறுத்திருக்கச் சொன்னது. காசுள்ளவள் தனியாரிடம் போனாள். இல்லாதவள் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நோயாளரின் சிகிச்சை உரிமைக்காகப் போராடிய இயக்கம் வழக்குப் போட்டது. 2002 யூலை 5இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கும்படி கட்டளையிட்டது. தனது சொந்தக் குழந்தைகளுக்கு எதிராக நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை வழக்காடியது ஒரு விடுதலை அரசு!

மருந்துக் கம்பனிகளை எதிர்த்து நின்றவர் என்று அவருக்காக வாதாடுவோர் உண்டு. உண்மைதான். மலிவு மருந்துக்கு வழிசெய்த சட்டத்துக்கு எதிராக 39 கம்பனிகள் போட்ட வழக்கு 2001 ஏப்ரலில் வாபஸானபோது அமைச்சர் அவர்தான். அன்று அரசின் பக்கம் நின்றதும் இதே சிகிச்சை இயக்கம்தான். மலிவு மருந்துக்காக வழக்கை வென்றவரே பிறகு அந்த மருந்து நஞ்சு என்று சனத்தைப் பயப்படுத்தினால், வெற்றி யாருக்கு?

மருந்துக்குப் பதிலாக அவர் எந்நேரமும் பேசியது உள்ளி, தேசிக்காய், பீற்றூட் பற்றி. 2006 ஆகஸ்டில் ரொறொன்ரோவில் நடந்த எயிட்ஸ் மாநாட்டில் தென்னாபிரிக்காவின் காட்சிக்கூடத்தில் இவற்றைத்தான் பரப்பி வைத்திருந்தார்கள். உணவகக் குசினிகளில் கிலோக் கணக்கில் உள்ளி உரிக்கிற எங்களுக்கு உள்ளியோடு பகையில்லை. நோயாளிக்குச் சத்துணவு வேண்டும் என்பதிலும் மறுப்பில்லை. ஆனால் தடிமனுக்கு உள்ளி இரசம் வைத்துத் தந்த எங்கள் ஆச்சிமார்கூட, காய்ச்சல் விடாவிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். 2000 முதல் 2005 வரையான தாமதத்தால் 330,000க்கும் அதிகமான உயிர்கள் போயின, 35,000 குழந்தைகள் தொற்றோடு பிறந்தன என்று ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள்.

இனிக் குடிக்கும் களவுக்கும் வருவோம். 2005இல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது மது வரவழைத்துக் குடித்தார், எழுபதுகளில் பொட்ஸ்வானாவில் நோயாளியின் மணிக்கூட்டைத் திருடித் தண்டிக்கப்பட்டார் என்று 2007 ஆகஸ்டில் 'சண்டே ரைம்ஸ்' எழுதியது. ஊர் சிரித்தது. ஒரு பெண் குடித்தாள் என்றதும் ஆண்களுக்கு எங்கிருந்துதான் இவ்வளவு ஒழுக்கம் வந்துவிடுகிறதோ! ஒரு மணிக்கூட்டுக்குக் கொதிக்கிறவர்கள் 35,000 குழந்தைகளுக்கு ஏன் கொதிக்கவில்லை?

அவரது தனிப்பட்ட வாழ்க்கையில் ஒரேயொரு விசயம்தான் எமக்கு அரசியல். 2007 மார்ச்சில் அவருக்கு ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. ஈரல் எதனால் கெட்டது என்பதல்ல எமது கேள்வி. மாற்று ஈரலை உடம்பு தள்ளிவிடாதிருக்க, உயிருள்ளவரை நாள்தோறும் மருந்து எடுக்கவேண்டும். பக்கவிளைவுகள் கடுமையான மருந்து. உள்ளியையும் பீற்றூட்டையும் நம்பி அவர் வீட்டில் இருக்கவில்லை. தனக்கு விஞ்ஞானம், ஏழைக்கு மரக்கறி!

ஜனாதிபதி எம்பெக்கி சொன்னதைத்தானே செய்தார் என்பது கடைசிச் சாட்டு. அவருடைய பிரதி அமைச்சர் நொசிஸ்வே மட்லாலா-ரவுட்லெட்ஜ் வாய் திறந்து பேசினார். 2007 ஆகஸ்டில் அவரது பதவி பறிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போனார் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆக, எதிர்த்துப் பேச முடிந்திருக்கிறது. அதற்கான விலை ஒரு கதிரை மட்டுமே.

அகதியாய் அலைந்தது எவரையும் புனிதராக்குவதில்லை. வெளியே பட்ட கஷ்டம், உள்ளே இருக்கும் சனத்தின் உயிர்மேல் அதிகாரம் செலுத்தக் கிடைத்த அனுமதிச்சீட்டுமல்ல. நாளைக்கு நாடு திரும்பி ஆளப்போவதாகக் கனவு காண்கிற எவரும் இதை மனதில் வைக்கட்டும்.

2000இல் டேர்பன் எயிட்ஸ் மாநாட்டு மேடையில் ஏறி, கர்ப்பிணித் தாய்மாருக்கு மருந்து கொடுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டான் நிகோசி ஜோன்சன். பிறக்கும்போதே தொற்றோடு பிறந்தவன். வயது 11. அடுத்த வருடம் யூன் முதலாம் திகதி இறந்துபோனான். அவனுக்குப் பின்னால் போராட்ட வரலாறு எதுவும் இருக்கவில்லை. சரியானதைச் சொன்னவன் அவன்தான்.