உறுமும் பெட்டியும் ஒடிக்கக் கூடாத முள்ளும்

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்:

"என் பெண் கல்லூரியில் இரண்டாவது வருஷம் படிக்கிறாள், கிதார் வாசிக்கிறாள். வீட்டுச் செலவில் மாதாமாதம் மிச்சம் பிடித்து அவளுக்கு ஓர் எஃபெக்ட்ஸ் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். காலால் மிதித்தால் ஒரே கிதார் பத்து விதமாகப் பேசுகிறது. ஆனால் பாட்டைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய உட்கார்ந்தால் 'உர்'ரென்று ஒரே உறுமல். உறுமல் அடங்கினால் குளவிக் கூட்டம் போல ரீங்காரம். 'பெட்டி உதவாக்கரை, வந்த விலைக்குத் தள்ளிவிடு' என்கிறார் அவள் அப்பா. 'பிளக்கில் இருக்கும் பெரிய முள்ளை ஒடித்துவிட்டால் சத்தம் நின்றுவிடும், மாமி' என்கிறான் அவளோடு வாசிக்கும் பையன். இந்த மாத முடிவுக்குள் அவள் ஒரு பாட்டைப் பதிவு செய்து அனுப்பியாக வேண்டும். யார் பேச்சைக் கேட்பது?"

சகோதரி, இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். அப்பா பேச்சைக் கேட்டால் பணம் போகும். பையன் பேச்சைக் கேட்டால் பணத்தோடு போகாது. ஆகையால் முதலில் அந்த முள்ளின் விஷயத்தைப் பேசி முடித்துவிடுவோம்.

முள்ளைத் தொடாதீர்கள்

மூன்று முள் பிளக்கில் பெரியதாக இருப்பது எர்த் முள். மின்சாரக் கிதாரின் கம்பிகள் எல்லாம் உள்ளுக்குள் ஒரு வயரால் இணைக்கப்பட்டு, கேபிளின் மேலுறை வழியாக ஆம்ப்ளிஃபயரின் உடலையோ கம்ப்யூட்டரின் உடலையோ போய்ச் சேர்கின்றன. அந்த உடலிலிருந்து எர்த் முள் வழியாகப் பூமிக்கு வழி இருக்கிறது. உள்ளே எங்கேயாவது ஒரு வயர் நைந்து 230 வோல்ட் வெளியே கசிந்தால், அது பூமிக்கு ஓடி, ஃப்யூஸ் போய், பெட்டி அணைந்துவிடும். முள்ளை ஒடித்துவிட்டால்? கசிந்த மின்சாரம் கம்பியில் காத்திருக்கும். கம்பியைத் தொடுவது யார்? உங்கள் பெண்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டில் ஸ்வான்ஸீ நகரத்து மேடையில், லெஸ் ஹார்வி என்ற கிதார்க் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட மாத்திரத்தில் உயிரிழந்தார். 1976 மே மாதம் 'யார்ட்பர்ட்ஸ்' குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப், தம் வீட்டிலேயே எர்த் சரியில்லாத கிதாரை வாசித்துக் கொண்டிருந்தபோது இறந்தார். அவருக்கு வயது 33. மேடையில்தான் ஆபத்து, வீட்டில் இல்லை என்று யாராவது சொன்னால் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்.

கம்பியைத் தொட்டால் 'சுருக்'கென்று இருக்கிறதா என்று பெண்ணைக் கேளுங்கள். இருந்தால் அன்றைக்கு வாசிப்பு வேண்டாம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த அறை பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். கசிவு கண்டவுடன் அறுத்துக் கொள்ளும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் வீட்டில் இல்லையென்றால், அதையும் போடச் சொல்லுங்கள். கிரைண்டருக்கும் கீஸருக்கும்கூட அது காவல்.

பெட்டி என்ன செய்கிறது?

கிதார் கம்பிக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட மெல்லிய தாமிரக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. பிக்-அப் என்று அதற்குப் பெயர். மேலே கம்பி அதிர்ந்தால் சுருளில் இம்மியளவு மின்சாரம் பிறக்கும். பெட்டி அதை விநாடிக்கு 44,100 தடவையோ 48,000 தடவையோ அளந்து எண்களாக்குகிறது. பிறகு எல்லாம் கணக்குத்தான். எண்களைக் கொஞ்சம் தாமதப்படுத்திச் சேர்த்தால் எதிரொலி. உச்சியைச் சீவித் தட்டையாக்கினால் கரகரப்பு.

அந்தக் கரகரப்புக்கு ஒரு வேடிக்கையான பூர்விகம் உண்டு. மார்ட்டி ராபின்ஸ் என்பவர் பாடி 1961-ல் வெளிவந்த ஒரு பாட்டுக்காக அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் ஒலிப்பதிவு நடந்தபோது, பதிவு மேஜையில் ஒரு பகுதி பழுதாகி, கிதாரின் ஒலி கிழிந்து வந்தது. கேட்டவர்களுக்கு அது பிடித்துப் போயிற்று. மறுவருஷம் அதே கரகரப்பைத் தரும் சின்னப் பெட்டி கடைக்கு வந்துவிட்டது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அதை வைத்து ஒரு பாட்டுப் போட்டதும் கடைகளில் கையிருப்பே தீர்ந்ததாம். 1998-ல் 'பாட்' என்ற சிவப்பு நிறப் பெட்டி வந்தது. முந்திரிப் பருப்பு வடிவத்தில் இருக்கும் அந்தப் பெட்டிக்குள் பல ஆம்ப்ளிஃபயர்களின் குரல்கள் அடங்கியிருந்தன. உங்கள் வீட்டுப் பெட்டி அந்த வம்சம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வம்சத்தில் பழுது எது, பாணி எது என்று காதால் மட்டும் கண்டுபிடிப்பது கஷ்டம். வழியோடு நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

உறுமல் எங்கே பிறக்கிறது?

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? தொட்டியிலிருந்து குழாய் வரை ஒவ்வோர் இடமாகப் பார்ப்போம் அல்லவா? இங்கேயும் அதே முறை. கிதார், கேபிள், பெட்டி, கம்ப்யூட்டர், ஹெட்போன் என்பதுதான் வழி. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது குணம் தந்தது என்று தெரியாது.

முதலில், உறுமும்போது கிதாரில் உள்ள வால்யூம் திருகை அடியோடு குறைக்கச் சொல்லுங்கள். உறுமல் நின்றால் அது பிக்-அப் வழியாக வருகிறது. அறையின் மின்சாரம் விநாடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. அதைச் சுருள் பிடித்துக் கொள்கிறது. பெண்ணை நாற்காலியோடு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு திசையில் உறுமல் வெகுவாகக் குறையும். ட்யூப் லைட் சோக், மின்விசிறி ரெகுலேட்டர், அடாப்டர்கள் இவற்றை விட்டு இரண்டு முழமாவது தள்ளி உட்காரட்டும். கைபேசியை அடுத்த அறையில் வைக்கட்டும். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இந்த உறுமலைத் தின்றுவிடும் 'ஹம்பக்கர்' என்ற பிக்-அப்பும் உண்டு. கிதாரில் அது இருந்தால் அதையே உபயோகிக்கலாம்.

வால்யூமைக் குறைத்தும் உறுமினால், கிதார்க் கேபிளைப் பெட்டிப் பக்கத்தில் கழற்றுங்கள். கிதார்ப் பக்கத்தில் கழற்றினால் தொங்கும் கேபிளே உறுமும், ஏமாந்து போவோம். கழற்றியதும் சத்தம் நின்றால் குற்றவாளி கேபிள். அசைத்தால் 'கரக்மொரக்' என்றாலும் அதுதான். வேறு கேபிளை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். வாங்கும்போது மேலுறைப் பின்னல் உள்ள கிதார்க் கேபிளாகக் கேளுங்கள். ஸ்பீக்கர் கேபிள் பார்வைக்கு அப்படியே இருக்கும். ஆனால் ரேடியோ மாதிரி எல்லாச் சத்தத்தையும் பிடிக்கும்.

கழற்றியும் உறுமினால் சங்கதி பெட்டிக்கு அப்பால். லாப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பாட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் போய்விட்டதா? அப்படியானால் ஒரே சாதனக் கூட்டத்துக்குப் பூமிக்கு இரண்டு வழி ஏற்பட்டு, அவற்றுக்குள் மின்சாரம் வட்டமடிக்கிறது. இதைப் பார்த்துத்தான் அந்தப் பையன் முள்ளை ஒடிக்கச் சொன்னான். ஒடிக்காமலேயே வழி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுங்கள். பதிவு நேரத்தில் பாட்டரியில் ஓட்டுங்கள். அப்படியும் போகாவிட்டால், நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டி.ஐ. பெட்டி என்று ஒன்று கிடைக்கிறது. அது பாட்டை மட்டும் கடத்தி வட்டத்தை அறுத்துவிடும். எர்த் எர்த்தாகவே இருக்கும்.

அடாப்டரையும் பாருங்கள். தொலைந்து போனதற்குப் பதிலாக வீட்டில் கிடந்த வேறொன்றைப் போட்டிருந்தால் உறுமலும் வரலாம், பெட்டியும் சாகலாம். வோல்ட் அதேயாக இருக்க வேண்டும். நடுமுனை கூட்டலா கழித்தலா என்ற படம் பெட்டியில் உள்ளபடியே இருக்க வேண்டும். மில்லி ஆம்பியர் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

குளவிக் கூட்டம்

இதற்கு ஒரு காசும் செலவில்லை. மின்சாரக் கிதாரின் ஆம்ப்ளிஃபயரில் உள்ள ஸ்பீக்கர் சுமார் 5,000 அதிர்வுக்கு மேற்பட்ட கீச்சுக்களை வடிகட்டிவிடும். நாம் ரசிக்கும் கிதார் ஒலி அந்த வடிகட்டிக்குப் பிறகு வருவதுதான். நேரே கம்ப்யூட்டருக்குப் போகும்போது ஸ்பீக்கர் ஏது? டிக்காக்ஷனை வடிகட்டாமல் டம்ளரில் ஊற்றிய மாதிரி ஆகிவிடுகிறது.

பெட்டியில் அதற்கென்று 'காபினெட்' என்ற பகுதி இருக்கும். வெளியீடு எங்கே போகிறது என்று கேட்கும் ஓர் இடமும் பல பெட்டிகளில் இருக்கும். அங்கே 'ஆம்ப்' என்று இருந்தால் 'லைன்' அல்லது 'ஹெட்போன்' என்று மாற்றி, காபினெட்டையும் போடட்டும். குளவி பறந்துவிடும். நிஜ ஆம்ப்ளிஃபயரில் வாசிக்கும் நாளில் இதைத் திருப்பி வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் இரண்டு தடவை வடிகட்டி ஒலி மந்தமாகிவிடும்.

கரகரப்பு அளவையும் பாதியாக்கட்டும். தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும் கரகரப்பு, பாட்டுக்குள் போனால் ஸ்வரத்தை மூடிவிடும். உறுமலையும் அது கூடவே பெருக்கும். 'நாய்ஸ் கேட்' என்று ஒரு வாயிற்காவலன் இருக்கிறான். அவனை ரொம்பக் கடுமையாக வைத்தால், தேய்ந்து அடங்கும் ஸ்வரத்தின் வாலையும் வெட்டிவிடுவான்.

அளவும் தாமதமும்

கம்ப்யூட்டரில் ஒலியளவு காட்டும் கோடு சிவப்பைத் தொடக் கூடாது. டிஜிட்டல் பதிவில் பூஜ்யம்தான் கூரை. அதை இடித்த ஒலியை எந்த வைத்தியனாலும் சரிசெய்ய முடியாது. பலமாக வாசிக்கும்போதுகூட மைனஸ் 12 டெசிபெல் அருகில் நின்றால் போதும். சத்தத்தைப் பிறகு கூட்டிக் கொள்ளலாம்.

மீட்டிய பிறகு ஒலி தாமதித்துக் காதில் விழுகிறதா? கம்ப்யூட்டர் எண்களைக் கைநிறைய சேர்த்துத்தான் தூக்கும். 'பஃபர்' என்று பெயர். 1,024 எண் என்றால் ஒரு தூக்குக்கு 23 மில்லி விநாடி. 256 என்றால் சுமார் 6. வாசிக்கும்போது 256-க்குக் குறைக்கட்டும். கலவை செய்யும்போது ஏற்றிக் கொள்ளட்டும். விண்டோஸ் கம்ப்யூட்டராயிருந்தால் பெட்டிக்காரர் தரும் 'ஏசியோ' டிரைவரைப் போட்ட பிறகு பார்க்கட்டும். ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாகக் கேட்டால், பெட்டி வழியாக ஒரு தடவையும் கம்ப்யூட்டர் வழியாக ஒரு தடவையும் கேட்கிறாள் என்று அர்த்தம். ஒன்றை மூடிவிட வேண்டும்.

பதிவான பாட்டு சுருதி இறங்கி, மெதுவாக ஓடுகிறதா? 48,000-ல் எடுத்ததை 44,100-ல் ஓட்டுகிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை ஸ்வர ஸ்தானம் இறங்கிவிடும். இரண்டு இடத்திலும் ஒரே எண்ணை வைத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும்.

உப்புப் போடாத பங்கு

கடைசியாக ஒன்று. இதுதான் உங்கள் பெண்ணின் மாத முடிவைக் காப்பாற்றப் போவது. குழந்தைக்கும் வயோதிகருக்கும் உப்பு காரம் சேர்க்குமுன் ஒரு கரண்டிப் பருப்பைத் தனியே எடுத்து வைக்கிறோம் அல்லவா? யு.எஸ்.பி. வழியாகப் பதிவு செய்யும் பெட்டிகள் பலவற்றில், எஃபெக்ட் சேர்ந்த ஒலியை ஒரு வரிசையிலும், ஒன்றும் சேராத கிதார் ஒலியை இன்னொரு வரிசையிலும் ஒரே சமயத்தில் எடுக்கலாம். இரண்டையும் எடுத்து வைக்கட்டும். எதிரொலி அதிகமாகப் போயிற்று என்று மறுநாள் தோன்றினால், சேராத பங்கைப் பெட்டிக்குள் திருப்பி அனுப்பி வேறு பக்குவத்தில் சமைத்துக் கொள்ளலாம். மறுபடியும் வாசிக்க வேண்டியதில்லை.

ஆக, சகோதரி, பெட்டியை விற்க வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் பெண்ணோடு உட்காருங்கள். அவள் வாசிக்கட்டும், நீங்கள் ஒரு தாளில் 'இதை மாற்றினோம், இப்படி ஆயிற்று' என்று எழுதிக்கொண்டே வாருங்கள். மருந்து கொடுத்து ஜுரம் குறித்து வைத்த கைதானே! எழுதி வைக்கிறவருக்குப் பழுது சீக்கிரம் அகப்படும். அந்தத் தாளை அவள் அப்பாவிடமும் காட்டுங்கள்.

முள்ளை ஒடிக்கச் சொன்ன பையனிடம் கோபிக்க வேண்டாம். காபி கொடுத்து உட்கார வைத்து, 1976-ம் வருஷத்துக் கதையைச் சொல்லுங்கள். அவன் வீட்டுப் பிளக்கில் முள் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அவனுக்கும் ஓர் அம்மா இருப்பாள்.