வெறுங் குழலின் மகிமை

கொல்லிமலைக்குச் சென்று திரும்புகிறவர்கள் கொண்டுவரும் படங்களைப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். மலைப்பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகள், அறப்பளீசுவரர் கோயில், ஆகாய கங்கை அருவி, அருவியின் முன் குடும்பத்தார் நனைந்த கோலத்தில் நிற்கும் காட்சி - இவ்வளவுடன் படம் முடிந்துவிடும். இவை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆயினும், அந்த அருவிக்கு இறங்கும் 1,000-க்கும் மேற்பட்ட படிகளின் ஓரத்தில் ஈரப் பாசியும், பெரணியின் சுருண்ட தளிரும், பனித்துளி தாங்கிய சிலந்தி வலையும் இருக்கின்றன. அவற்றைக் கண்ணால் கண்டு வியந்தவர்கள் பலர். படமாகக் கொண்டுவந்தவர்கள் மிகச் சிலர்.

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றைத் துளைத்து, கடைசியாகப் புற்றிலிருந்த உடும்பையும் தைத்தது என்று புறநானூறு கூறுகிறது. இன்று அங்கே புலியைக் காணலாமென்று போகிறவர் ஏமாந்து திரும்புவார். புற்றையும், புற்றிலுள்ள கறையானையும், இலைகளை இழுத்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பையும் பார்க்கப் போகிறவருக்கோ ஒருநாளும் ஏமாற்றம் இல்லை. அவருக்கு வேண்டியது வில் அல்ல; சிறியதைப் பெரிதாகக் காட்டும் ஒரு சாதனம்.

"அதற்கென்று தனி மாக்ரோ லென்ஸ் வாங்க வேண்டுமாமே! அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறதே!" என்று நேயர்கள் சிலர் அங்கலாய்க்கிறார்கள். தனி லென்ஸ் மிகவும் சிலாக்கியமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால், அது கைக்கு வரும் வரையில் சும்மா இருக்க வேண்டியதில்லை. உள்ளே கண்ணாடியே இல்லாத வெறுங் குழல் ஒன்று அந்த வேலையில் பெரும் பங்கைச் செய்துவிடும். அதற்குத்தான் எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்று பெயர். காமிராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே அதைப் பொருத்த வேண்டும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பொருள் அருகே வர வர, அதன் பிம்பம் லென்ஸுக்குப் பின்னால் தள்ளித் தள்ளி விழும். ஆகையால் லென்ஸ் சற்று முன்னே நகர வேண்டும். சாதாரண 50 மி.மீ. லென்ஸ் முன்னே நகர்வதற்கு ஓர் எல்லை உண்டு. அதனால் அது சுமார் 45 செ.மீ. தூரத்துக்கும் கிட்டேயுள்ள பொருளைத் தெளிவாகக் காட்டாது. அந்தத் தூரத்தில் பொருளின் பிம்பம் அதன் உண்மை அளவில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கே இருக்கும். குழலை இடையில் வைத்தால் லென்ஸ் எல்லை தாண்டி முன்னே போகிறது, பொருளை இன்னும் நெருங்கலாம், பிம்பமும் பெரிதாகிறது.

கணக்கும் சுலபமானதே. குழலின் நீளத்தை லென்ஸின் குவிய நீளத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு என்பது கிடைத்துவிடும். 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. குழல் வைத்தால் பிம்பம் பொருளில் பாதியளவு, 50 மி.மீ. வைத்தால் பொருளும் பிம்பமும் சம அளவு. கடைகளில் பெரும்பாலும் 12, 20, 36 மி.மீ. என்று மூன்று குழல்கள் சேர்ந்த தொகுதி கிடைக்கும். மூன்றையும் அடுக்கினால் 68 மி.மீ. ஆகும். இதே கணக்கிலிருந்து மற்றொன்றும் விளங்கும்: 200 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. குழல் எட்டில் ஒரு பங்குதான் கூட்டித் தரும். ஆகவே குட்டைக் குழலுக்கு நெட்டை லென்ஸ் ஏற்றதல்ல. அதற்காக 18 மி.மீ. லென்ஸை மாட்டினாலோ, பொருள் லென்ஸின் முகத்திலேயே வந்து முட்டும்.

வெறுங் குழல் என்றாலும் அது இனாமாக உழைப்பதில்லை. அது கேட்கும் கூலி மூன்று. முதலாவது, குழல் மாட்டியிருக்கும்வரை தொலைவிலுள்ள மலைமுகடு தெளிவாக விழாது. இரண்டாவது, வெளிச்சம் குறையும். சம அளவுப் பிம்பத்துக்கு நான்கு மடங்கு வெளிச்சம் தேவைப்படும். காமிராவின் உள்ளிருக்கும் ஒளிமானி இதைத் தானே கணக்கிட்டுக் கொள்ளும். ஆனால் சோலையின் நிழலில் ஷட்டர் மெதுவாகித் தீருமாகையால் முக்காலி இல்லாமல் காரியம் நடவாது. மூன்றாவது, தெளிவின் ஆழம் மிகச் சுருங்கிவிடும். முழு அளவு ஸென்ஸார் உள்ள காமிராவில், சம அளவுப் பிம்பத்தில், எஃப் 8 துவாரத்தில், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ. மட்டுமே. எறும்பின் கண் தெளிந்தால் அதன் வயிறு மங்கும். ஆகையால் பூச்சியின் உடலுக்குப் பக்கவாட்டில், காமிரா அதற்கு இணையாக நிற்கும்படி அமைத்துக்கொள்வது உத்தமம். காற்று எழுவதற்கு முன், மலைக் குளிரில் பூச்சிகள் மந்தமாக இருக்கும் விடியற்காலையே நல்ல வேளை.

இனி, பணம் வீணாகும் இடத்துக்கு வருவோம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், குழல் வாங்கும்போது ஒரு பொருத்தமும் பார்ப்பதில்லை. இதற்குப் பத்து வேண்டாம், மூன்று போதும்.

முதற் பொருத்தம், வாய்ப் பொருத்தம். ஒவ்வொரு கம்பெனியும் லென்ஸ் மாட்டும் வாயை வெவ்வேறு விதமாக அமைத்திருக்கிறது. நிக்கான் 1959-லும், கானான் 1987-லும் கொண்டுவந்த வாய்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. ஒரே கம்பெனியிலும் பழைய கண்ணாடிக் காமிராவின் குழல், 2018-க்குப் பின் வந்த கண்ணாடியில்லாக் காமிராவுக்கு நேராகப் பொருந்தாது. கானானிலேயே சிறிய ஸென்ஸாருக்கென்று செய்த லென்ஸுகள் எல்லாக் குழல்களிலும் ஏறமாட்டா. ஆகையால் கம்பெனிப் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது கூடாது. வாயின் பெயரையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, தூரப் பொருத்தம். வாயின் விளிம்பிலிருந்து ஸென்ஸார் வரையுள்ள தூரம் பழைய நிக்கானில் 46.5 மி.மீ.; பழைய கானானில் 44 மி.மீ.; புதிய நிக்கானில் 16 மி.மீ.; சோனியின் கண்ணாடியில்லாக் காமிராவில் 18 மி.மீ. நீண்ட தூரத்துக்கென்று செய்த லென்ஸைக் குறுகிய தூரக் காமிராவில் மாட்ட, மிச்சத் தூரத்தை நிரப்பும் அடாப்டர் ஒன்று போதும். பழைய நிக்கான் லென்ஸுக்கும் புதிய நிக்கான் காமிராவுக்கும் இடையே அந்த மிச்சம் 30.5 மி.மீ. இந்த அடாப்டரை மாட்டிவிட்டு, "30 மி.மீ. குழல் ஆயிற்று" என்று எண்ணக் கூடாது. அது இழந்த தூரத்தை ஈடுசெய்கிறதே தவிர, பிம்பத்தைப் பெரிதாக்குவதில்லை. அதற்குமேல் வைப்பதுதான் குழல்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. திருகி மாட்டும் பழைய எம்42 லென்ஸுகளின் தூரம் 45.46 மி.மீ. அவற்றை மெல்லிய வளையம் ஒன்றின் உதவியால் பழைய நிக்கானில் மாட்டினால், லென்ஸ் இருக்கவேண்டிய இடத்துக்குச் சற்று முன்னே நின்றுவிடும். தொலைக் காட்சி தெளியாது. காட்சிப் படம் எடுப்பவருக்கு அது குறை. எறும்பைப் படம் எடுப்பவருக்கோ அது குறையே அல்ல!

மூன்றாவது, மின் பொருத்தம். இன்றைய லென்ஸுகளில் பலவற்றின் துவாரத்தைக் காமிராவே மின்சாரத்தால் திறந்து மூடுகிறது. மின்முனைகள் இல்லாத மலிவான குழலை நடுவில் வைத்தால் கானான் லென்ஸின் துவாரம் முழுதும் திறந்தே நிற்கும். முன் சொன்ன 1 மி.மீ. ஆழமும் போய்விடும். துவார வளையம் இல்லாத பழைய நிக்கான் லென்ஸுகள் பல இதற்கு நேர்மாறாக மூடிக்கொண்டு இருட்டாக்கும். கண்ணாடியில்லாக் காமிரா லென்ஸுகளில் பலவற்றுக்கு மின்சாரம் இல்லையேல் குவியத்தைக்கூடத் திருப்ப முடியாது. எனவே புதிய லென்ஸுக்கு மின்முனையுள்ள குழலே வேண்டும். துவார வளையமுள்ள பழைய லென்ஸுக்கு எதுவுமற்ற வெறுங் குழல் தாராளமாகப் போதும்.

அலமாரியில் தகப்பனார் காலத்து எம்42 லென்ஸ் தூங்குமானால் அதை எழுப்புங்கள். உங்கள் காமிராவின் வாய்க்கேற்ற எம்42 வளையம் ஒன்று, எம்42 குழல்கள் சில, அப்புறம் அந்த லென்ஸ் - அவ்வளவுதான். நாளைக்கு வேறு காமிரா வாங்கினால் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும்.

இப்படி ஒட்டுப் போட்ட சாமானால் உயர்ந்த வேலை நடக்குமா என்று ஐயுறுவோர்க்கு நம்மவரே ஒருவர் விடையளித்திருக்கிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912-1996), நம் நாட்டு வனவிலங்குகளைப் படம் பிடித்து எழுதியவர்களில் தலைசிறந்தவர். பற்பல கருவிகளின் அங்கங்களைச் சேர்த்துத் தாமே ஒரு காமிராவை அமைத்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயரிட்டிருந்தார். கருவி எங்கிருந்தும் வரலாம். காணும் கண்ணும் காத்திருக்கும் பொறுமையும் நம்முடையவையாக இருக்க வேண்டும்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட வேண்டாம். கொல்லிமலையில் சாமை, தினை முதலிய சிறு தானியங்களின் பழைய வகைகளை மலைவாசிகள் பரம்பரையாகக் காத்து வந்திருக்கிறார்கள், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் அவர்களோடு சேர்ந்து உழைத்திருக்கிறது. சாமை மணி சுமார் 2 மி.மீ. அளவுள்ளது. வகைக்கு வகை பேதம் காட்டும் உமியும் பூவும் சாதாரணப் படத்தில் புள்ளியாகத்தான் தெரியும். குழல் மாட்டிய காமிராவில் அவை முகம் காட்டும். முன்பெல்லாம் பூச்சியை அடையாளம் காண அதைக் கொன்று ஊசியில் குத்தி வைப்பார்கள். இன்று தெளிவான படத்தை, எடுத்த இடமும் தேதியும் குறித்து, ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையப் பதிவேட்டில் சேர்த்தால், எங்கோ இருக்கும் நிபுணர் பார்த்து, இயன்றவரை பெயர் சொல்லுவார். ஓர் உயிரும் மடியாமல் ஒரு சாட்சியம் சேர்கிறது.

பெயர் தெரியாததை யாரும் காப்பாற்ற முன்வருவதில்லை. ஆகவே, இம்முறை மலையேறும் குடும்பங்கள் அருவியின் முன் ஒரு படம் எடுத்துக்கொண்ட பிறகு, குழந்தைகளின் கையில் குழலைக் கொடுத்துப் படியோரத்தில் உட்காரச் சொல்லட்டும். பூவைப் பறிக்காமல், இலையைத் திருப்பாமல், வலையைக் கலைக்காமல் எடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. புறப்படுவதற்கு முந்தைய நாளே வாய், தூரம், மின் ஆகிய மூன்று பொருத்தங்களையும் வீட்டிலே பார்த்துவிடுங்கள். 70 வளைவுகளைக் கடந்து மேலே போனபின் குழல் பொருந்தவில்லையென்றால், அங்கே மாற்றித் தரக் கடை இல்லை.