கதையின்மேல் நாம் சொல்லும் தீர்ப்பு



விசுவாசிகள் நாவல் வாசிக்கலாமா என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். கேட்காமலே பயந்தவர்களும் உண்டு. அனுப்பம்பட்டு ரயில் நிலையத்தில் சென்னை செல்லும் வண்டிக்காகக் காத்திருந்த நம் சபை வாலிபன் ஒருவன், என்னைக் கண்டவுடன் கையிலிருந்த நாவலை அவசரமாகப் பைக்குள் மறைத்தான். அந்தப் பயத்தை அவனுக்குள் விதைத்தவன் நானே. ஊழியத்தின் ஆரம்ப நாட்களில், நாவல்கள் நேரத்தை விழுங்கும் வீண் கற்பனைகள் என்று பிரசங்க பீடத்திலிருந்து பலமுறை சொன்னேன். அப்படிச் சொன்ன நாளில் நான் முழுமையாக வாசித்திருந்த நாவல்களோ ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும். வாசியாத புத்தகத்தின்மேல் தீர்ப்புச் சொல்வதும் விசாரியாமல் ஒரு மனுஷன்மேல் தீர்ப்புச் சொல்வதும் ஒரே தவறு என்பதை நான் தாமதமாகவே அறிந்துகொண்டேன். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நம் சபையின் சகோதரி ஒருவர். அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன்.

தமிழில் வெளிவந்த முதல் நாவல் மாயூரம் வேதநாயகம் பிள்ளை எழுதிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. அது அச்சேறிய ஆண்டு 1879. அதை எழுதியவர் ஒரு கிறிஸ்தவர். முன்சீப்பாக நீதி வழங்கியவர். இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்பளித்துப் பழகிய ஒருவர் தமிழில் நாவலைத் தொடங்கிவைத்தார் என்பது எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. 1964-ஆம் ஆண்டு ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதிய ‘புத்தம் வீடு’, குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் கதை. 1977-இல் வந்த வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, தென்கோடிக் கரையின் கிறிஸ்தவ மீனவர்களைப் பற்றியது. ஆகவே நாவல் என்பது நமக்கு அந்நியமான வீடு அல்ல. அதன் அஸ்திபாரத்திலும் சுவர்களிலும் நம்மவர் கைகள் வைத்த கற்கள் உண்டு.

என் தவறை உணர்ந்த பின்பு, சனிக்கிழமை மாலையில் வீடுகளில் கூடும் வேளைகளில், வாசித்த நாவலைப் பற்றி அவரவர் மனதில் உள்ளதைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவர்பின் ஒருவராகப் பேசத் தொடங்கினார்கள்.

வாலிபர்கள் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ பற்றிப் பேசினார்கள். அதில் வரும் ஓடக்காரப் பெண் பூங்குழலியை ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தது. “அவள் எங்கள் ஜனம்” என்றாள் ஒருத்தி. பூங்குழலி கல்கியின் கற்பனையில் பிறந்தவள் என்றும், ஆதித்த கரிகாலன் கொலையுண்டது கல்வெட்டில் உள்ள செய்தி என்றும் நான் சொன்னபோது அவள் முகம் வாடியது. சரித்திர நாவலை நேசிக்கலாம். ஆனால் அதுவே சரித்திரம் என்று எண்ணிவிடலாகாது என்பது என் கருத்து. அவளோ, “ராஜாக்கள் பேரைக் கல்லில் வெட்டினார்கள் ஐயா, ஓடம் தள்ளினவள் பேரை யார் வெட்டினார்கள்? கதையிலாவது இருக்கட்டுமே” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

குடும்ப நாவல்களை விரும்பும் சகோதரி ஒருவர், ரமணிசந்திரனின் கதைகளில் கடைசியில் கணவனின் மனம் மாறிவிடுகிறது என்றும், வீட்டில் அப்படி நடவாவிட்டாலும் அந்த நம்பிக்கை தன்னை விட்டுப் போகாதிருக்கவே வாசிப்பதாகவும் சொன்னார். முன்பு நான் அற்பம் என்று ஒதுக்கிய வாசிப்புக்குள்ளே அத்தனை பெரிய ஏக்கம் இருந்தது.

ஓய்வுபெற்ற மூத்த சகோதரர் ஒருவர் ராஜேஷ்குமாரின் துப்பறியும் நாவல்களை விடாமல் வாசிப்பவர். “கடைசிப் பக்கத்தில் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும் ஐயா. உலகத்தில் அது ஒன்றுதான் எனக்குத் திருப்தி” என்றார். எல்லாரும் சிரித்தோம். அந்தச் சொல் எவ்வளவு ஆழமானது என்பதைச் சில வாரங்கள் கழித்தே உணர்ந்தேன்.

அப்பொழுது நாங்கள் வாசிக்க எடுத்துக்கொண்டது தகழி சிவசங்கரப் பிள்ளை 1956-இல் மலையாளத்தில் எழுதிய ‘செம்மீன்’. சுந்தர ராமசாமி அதைத் தமிழாக்கியிருக்கிறார். கடலுக்குப் போன புருஷனின் உயிர், கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் தங்கியிருக்கிறது என்ற மீனவர் நம்பிக்கையே அக்கதையின் முதுகெலும்பு. கறுத்தம்மா பரீக்குட்டியை நேசிக்கிறாள், பழனிக்கு வாழ்க்கைப்படுகிறாள், முடிவில் பழனி கடலில் மாண்டுபோகிறான்.

வாசித்து முடித்த மாலையில், “கதை சரிதான். பெண் தன் வரம்பில் நின்றிருந்தால் அவன் பிழைத்திருப்பான்” என்றார் ஒரு சகோதரர். வேறு சிலரும் தலையசைத்தார்கள். ஆசிரியர் அந்த நம்பிக்கையை ஆதரிக்கவில்லை, அது எப்படி மனிதரைக் கொல்கிறது என்பதையே காட்டுகிறார் என்று ஒரு வாலிபன் மறுத்தான். இவ்விரு விதமாகவும் அந்நாவலை வாசிக்க இடமுண்டு.

அப்பொழுது, மூலையில் அமர்ந்திருந்த சகோதரி பேசினார். அவருடைய கணவர் பல வருஷங்களுக்கு முன்பு, பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து மரித்தவர்.

“ஐயா, அந்தப் புத்தகத்தில் இருப்பதை என்னிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவர் போன நாளிலிருந்து என்னை அப்படித்தான் பார்த்தார்கள். விடியற்காலம் நான் மீன் கூடையோடு எதிரே வந்தால் படகுக்குப் போகிறவர்கள் திரும்பிப்போய் மறுபடி வந்தார்கள். நான் என்ன செய்தேன் என்று நானே இத்தனை வருஷமாய்த் தேடிக்கொண்டிருக்கிறேன்.”

அந்த அறையில் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஏனெனில் அவருடைய கணவரின் அடக்க ஆராதனையை நடத்தியவன் நான். கல்லறைத் தோட்டத்தில் இரண்டு பேர் மெல்லிய குரலில் பேசிக்கொண்டது அன்று என் காதில் விழுந்தது. காலம் ஆற்றிவிடும் என்று எண்ணி, அதைக் கண்டியாமல் வீடு திரும்பினேன். காலம் ஆற்றவில்லை.

பிரியமானவர்களே, முகத்துவாரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அலை கொண்டுவரும் மணல் அங்கே திட்டாகச் சேர்கிறது. வழி ஆழம் குறைந்து குறுகுகிறது. ஆழமில்லாத இடத்தில் அலை எழும்பி உடைகிறது. அந்த வேளையில் கடக்கும் படகு புரண்டுபோகிறது. மணலும் அலையும் செய்ததை நாம் ஒரு பெண்ணின்மேல் சுமத்தினோம். கடைசிப் பக்கத்தில் ஒரு குற்றவாளி வேண்டும் என்று நம் மனம் கேட்டது; மணல்திட்டைக் குற்றவாளியாக்கினால் அதற்குத் திருப்தி உண்டாகவில்லை. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இது யார் செய்த பாவம் என்று ஆண்டவரிடத்தில் விசாரித்ததும் இதே மனதோடுதான். அவர் அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டதைக் குறித்தும் அப்படியே. மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற எண்ணத்தை அவர் மறுத்தார்.

‘செம்மீன்’ பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த நம்பிக்கையின் பிடியை ஆசிரியர் அவ்வளவு வல்லமையாகச் சித்தரித்ததால், முடிவு அந்த நம்பிக்கைக்கே சாட்சி சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. அவ்விடத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. ஆயினும் அந்த நாவலை வாசித்திராவிட்டால் நம் சகோதரி அந்தப் பாரத்தை ஒருபோதும் இறக்கிவைத்திருக்கமாட்டார். என் பிரசங்கங்கள் ஒன்றும் அவரைப் பேசவைக்கவில்லை. நாம் உடன்படாத ஒரு நூலும் நமக்கு நன்மை செய்யக்கூடும்.

நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் வந்து சொன்னதும் ஒரு கற்பனைக் கதைதானே! ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் பறித்த கதையைக் கேட்டு, ராஜா கோபங்கொண்டு தீர்ப்புச் சொன்னான். அந்தத் தீர்ப்பு அவன்மேலேயே திரும்பியது. நம் ஆண்டவரும் நல்ல சமாரியன் கதையைச் சொல்லி முடித்து, அந்த மூவரில் அயலான் யார் என்று கேட்டவனுடைய அபிப்பிராயத்தையே விசாரித்தார். கதையைப் பற்றி நாம் சொல்லும் கருத்து, நாம் யார் என்பதை வெளிப்படுத்திவிடுகிறது. அன்று மாலை தலையசைத்தவர்கள் கறுத்தம்மாவைப் பற்றித்தான் பேசுவதாக நினைத்தார்கள். உண்மையில் பக்கத்தில் அமர்ந்திருந்தவர்மேல் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எல்லா நாவலும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. இச்சையைத் தூண்டுவதற்கென்றே எழுதப்பட்டவை உண்டு. பிற ஜாதியாரையும் பிற மதத்தாரையும் வெறுக்கக் கற்பிப்பவை உண்டு. அப்படிப்பட்டதைக் கீழே வைத்துவிடுங்கள். ஆனால் வாசித்து அறிந்தபின் வையுங்கள். பிறர் சொல் கேட்டு எறியாதிருங்கள். உங்கள் கருத்தைத் துணிந்து சொல்லுங்கள்; போதகர் என்ன நினைப்பாரோ என்று மாற்றிச் சொல்லாதிருங்கள். கதையில் நீங்கள் மிகவும் வெறுத்த மனுஷன் யார் என்று பார்த்து, உங்கள் தெருவில் அவன் சாயல் யாருக்கு இருக்கிறது என்றும், உங்களுக்கே இருக்கிறதோ என்றும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று கதை சரியென்று சொன்ன சகோதரர் மறுநாள் ஆராதனை முடிந்தபின் அந்தச் சகோதரியிடம் போய் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். வருகிற சனிக்கிழமைக்குரிய நாவலை அந்தச் சகோதரியே தெரிந்தெடுத்திருக்கிறார்: ‘புத்தம் வீடு’. வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் அடைக்கப்படும் லிஸ்ஸி என்னும் பெண்ணின் கதை அது. வாசித்துவிட்டு வாருங்கள். பைக்குள் மறைக்காமல் கையிலேயே எடுத்து வாருங்கள்.

பிறர் கதையைப் பொறுமையாய்க் கேட்கும் செவியையும், அதில் நம்மைக் கண்டுகொள்ளும் தாழ்மையையும் கர்த்தர் நமக்குத் தந்தருளுவாராக. ஆமென்.